கம்ப்யூட்டர் நமக்கு என்ன முறை வேண்டும்?

என் சித்தி மதுரையில் பூ விற்கிறார். கடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மரப்பெட்டி, அதன் மேல் ஈரச் சாக்கு, சாக்கின் மேல் மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து. மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் பூ வாடாமல் வைக்க ஒரு சின்னக் குளிர்பெட்டியும் வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரு கடன் நிறுவனத்தில் கேட்டார். டேப்லெட்டோடு ஒரு பையன் வந்தான். ஆதார் அட்டையைப் படம் எடுத்தான், கடையைப் படம் எடுத்தான், வருமானம் எவ்வளவு என்று கேட்டுத் தட்டினான். பத்து நிமிடத்தில் திரையில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

"சிஸ்டம் எடுக்கலக்கா."

"ஏன் தம்பி?"

"தெரியலக்கா. மேல இருந்து வருது."

"மேலன்னா யாரு?"

அவனிடம் பதில் இல்லை. அவன் கெட்டவனும் இல்லை. வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டான், முகம் வாடித்தான் எழுந்து போனான். உறவு சொல்லிக் கூப்பிட்டவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்த இடத்துக்கு உறவு இல்லை. எனக்கு அன்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருப்பது இதுதான்.

செயற்கை நுண்ணறிவை எப்படி ஆள்வது என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் சீனத்துப் பழைய ஆசான் கன்பூசியஸின் பெயரும் அடிபடுகிறது. ஆனால் நம்மிடையே அந்தப் பெயர் வந்தாலே இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். "அதுவா, தெருவுக்குத் தெரு கேமரா வைத்து ஜனங்களுக்கு மார்க் போடுவார்களே, அதுதானே" என்பது ஒன்று. "பெரியவர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேள் என்பவர்தானே" என்பது மற்றொன்று. இரண்டுமே தப்பு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

## இயந்திரம் எப்படி முடிவு எடுக்கிறது

விடியற்காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சித்தி மொக்கை அள்ளிப் பார்ப்பார். விரலால் ஒரு உருட்டு, அவ்வளவுதான். "இது நாலு மணிக்கு விரியும். அது நேத்துப் பறிச்சது." எப்படித் தெரியும் என்று கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பார். யாரும் அவருக்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை. முப்பது வருடம் தொட்டுத் தொட்டுப் பழகியது.

இன்றைய செயற்கை நுண்ணறிவும் பெரும்பாலும் இப்படித்தான் பழகுகிறது. முன்பெல்லாம் கம்ப்யூட்டருக்கு மனிதர் விதி எழுதினார்கள்: வருமானம் இவ்வளவுக்குக் கீழே என்றால் மறு. இப்போது பழைய கடன் கணக்குகளை ஆயிரக்கணக்கில் கொட்டி, திருப்பிக் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்று காட்டுகிறார்கள். இயந்திரம் உள்ளே இருக்கும் எண்களைச் சிறுகச் சிறுகத் திருத்தி, தன் கணிப்பு பழைய கணக்கோடு ஒத்துப்போகும் வரை மாற்றிக்கொண்டே போகிறது. இதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். கடைசியில் நமக்குக் கிடைப்பது ஒரு ஊகம்: இவர் கட்டமாட்டார் என்பதற்கு இத்தனை சதவீத வாய்ப்பு.

சரி, சித்தியின் கையும் ஊகம்தானே செய்கிறது? ஆமாம். ஆனால் சித்தியின் ஊகம் தப்பினால் அன்று சாயங்காலமே விரியாத பூவோடு நிற்பவர் அவர்தான். மறுநாள் வாடிக்கைக்காரர் வந்து திட்டுவார். அந்தத் திட்டிலிருந்து கை இன்னும் கற்றுக்கொள்ளும். கடன் மறுத்த இயந்திரத்துக்கு அது நடக்காது. கொடுத்திருந்தால் சித்தி ஒழுங்காகக் கட்டியிருப்பார் என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது, ஏனென்றால் கடனே கொடுக்கவில்லை. கொடுத்த கடனில் செய்த தப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும். மறுத்ததில் செய்த தப்பு தெரியவே தெரியாது. பழைய கணக்கில் ரொக்கத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் குறைவாக இருந்தால், அடுத்த கணக்கிலும் குறைவாகவே இருப்பார்கள். இந்தச் சுழலை இயந்திரம் தானாக அறுக்காது.

இப்படி ஒரு கருவியை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, வைப்பதற்கு முன் யார் சோதிக்க வேண்டும், தப்பு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடுகள் அனைத்தும் சேர்ந்ததுதான் ஆளுகை. சட்டம் அதில் ஒரு பகுதி. அலுவலக வழக்கம், பயிற்சி, தணிக்கை எல்லாம் மற்ற பகுதிகள்.

இதுவரை பார்த்தது இதுதான்: இயந்திரம் பழைய கணக்கிலிருந்து ஊகிக்கிறது, தன் தப்பில் ஒரு பாதியை அது பார்ப்பதே இல்லை. ஆகவே வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

## கன்பூசியஸ் கேட்ட கேள்வி

கன்பூசியஸ் கி.மு. 551-இல் பிறந்து கி.மு. 479-இல் இறந்தவர். ஊர், இன்றைய ஷான்தோங் மாகாணத்தில் இருந்த லூ நாடு. சிற்றரசர்கள் ஒருவரை ஒருவர் விழுங்கிக்கொண்டிருந்த காலம். அரசவை அரசவையாக அலைந்து, நல்லாட்சி எது என்று சொல்லிப் பார்த்தார். பெரிதாக யாரும் கேட்கவில்லை. அவரோடு நடந்த உரையாடல்களை மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் தொகுத்தார்கள். லூன்யூ என்ற அந்தத் தொகுப்பில் 20 பகுதிகள். பெரும்பாலும் நாலைந்து வரித் துணுக்குகள்.

அறம் பற்றிப் பேசும் பலர் "இந்தச் செயல் சரியா, இதன் விளைவு என்ன, இதில் யாருடைய உரிமை மீறப்படுகிறது" என்று தொடங்குவார்கள். கன்பூசியஸ் அதற்கும் முன்னால் ஒரு கேள்வியை வைக்கிறார்: இங்கே யாருக்கு யார் என்ன வேண்டும்? அப்பாவா, அமைச்சரா, நண்பரா? அது தெரிந்தால்தான் யார் யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்று தெரியும்.

இந்தக் கேள்வி நமக்கு அந்நியமே இல்லை. புதிதாக ஒருவரைப் பார்த்தால் "இவர் உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்றுதான் நாமும் கேட்கிறோம். மாமா முறையா சித்தப்பா முறையா என்று தெரிந்த பிறகுதான் கேலி பேசலாமா, எழுந்து நிற்க வேண்டுமா என்பதெல்லாம். கல்யாணம் காதுகுத்துக்குக் கொடுப்பது செய்முறை. அரசன் நீதி வழங்கினால் முறை செய்தான் என்கிறோம். அநியாயம் நடந்தால் முறையிடுகிறோம். உறவு, சடங்கு, நீதி, புகார் நான்குக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. கன்பூசியஸைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் வேறு மொழியில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

## மொய் நோட்டும் மைக்கும்: ரென், லீ

இரண்டு சொற்களை மட்டும் இங்கே தெரிந்துகொள்ளலாம். ரென் என்பது மனிதர்மேல் மனிதருக்கு இருக்கும் அக்கறை. சீன எழுத்தில் மனிதன் என்ற குறியும் இரண்டு என்ற குறியும் சேர்ந்தது அது. ஒற்றை ஆளிடம் ரென் இருக்க முடியாது. எதிரே இன்னொருவர் வேண்டும். லீ என்பது அந்த அக்கறைக்கு உருவம் கொடுக்கும் முறைமை: வணக்கம், சடங்கு, மரியாதை, அலுவலக நடைமுறை வரை எல்லாம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். முன்பு அங்கே ஒரு பெரியவர் மொய் எழுதுவார். மேஜை மேல் தாம்பாளம், நீள நோட்டு, காதில் செருகிய பேனா. ஊர், அப்பா பெயர், தொகை என்று கேட்டு எழுதுவார். போன வருடம் ஆயிரம் செய்தவர் இந்த வருடம் கஷ்டத்தில் நூற்றி ஒன்றோடு வந்தால், அவர் தொகையை வாய்விட்டுக் கேட்க மாட்டார். நோட்டைத் தன் பக்கம் திருப்பி எழுதிவிட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்ப்பா" என்பார். இப்போது கம்ப்யூட்டர் மொய். தட்டியவுடன் ரசீது வருகிறது, கணக்கில் பைசா பிசகாது. அன்றைக்குத் தொகையை மைக்கிலும் வாசித்தார்கள். நூற்றி ஒன்று என்று பந்தல் முழுக்கக் கேட்டது. கொடுத்தவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

இதற்காகக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கன்பூசியஸும் அப்படிச் சொல்லமாட்டார் என்பதற்கு லூன்யூவிலேயே ஓர் இடம் இருக்கிறது. சடங்குக்கு நார்த்துணித் தொப்பிதான் முறை. இப்போது எல்லோரும் பட்டுத் தொப்பி போடுகிறார்கள், அது சிக்கனம், நானும் போடுகிறேன் என்கிறார். ஆனால் அரசனைப் பார்க்கப் போகும்போது படிக்குக் கீழே நின்று வணங்குவது முறை. இப்போது மேலே ஏறிய பிறகு வணங்குகிறார்கள், அது செருக்கு, ஊரே மாறினாலும் நான் கீழே நின்றுதான் வணங்குவேன் என்கிறார்.

எது வெறும் சௌகரியம், எது மரியாதையைத் தின்னும் மாற்றம் என்று பிரித்துப் பார்க்கிறார். மொய்க் கணக்கைத் தட்டச்சில் ஏற்றுவது பட்டுத் தொப்பி. ஏழையின் தொகையை மைக்கில் வாசிப்பது அப்படி இல்லை. கடன் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் சலித்துக் கொடுப்பது பட்டுத் தொப்பிதான். காரணமும் சொல்லாமல், சொல்ல ஒரு மனிதரையும் வைக்காமல் மறுப்பது வேறு. புதிய இயந்திரம் ஒவ்வொன்றையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

சுருக்கமாக: அக்கறை ரென், அக்கறையின் உருவம் லீ. இயந்திரம் லீயின் வெளி உருவத்தைச் செய்யும். "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று அழகாகக் கேட்கும். உள்ளே ரென் கிடையாது. அதை வைத்தவர்களிடம்தான் அது இருக்க வேண்டும்.

## பாண்டியன் சொன்ன வார்த்தை: ஜெங்மிங்

ஒரு நாட்டின் ஆட்சியை உங்களிடம் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று மாணவர் ஸிலூ கேட்டார். "பெயர்களைச் சரிசெய்வேன்" என்றார் கன்பூசியஸ். ஸிலூவுக்கே இது சுற்றி வளைப்பதாகத்தான் பட்டது. ஜெங்மிங் எனப்படும் இந்தக் கருத்தின் பொருள் இதுதான்: ஒரு பதவிக்கு ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயர் கேட்கும் நடத்தையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் பொய். ச்சி நாட்டுக் கோமகன் ஆட்சி பற்றிக் கேட்டபோது, "அரசன் அரசனாகவும் அமைச்சன் அமைச்சனாகவும் தந்தை தந்தையாகவும் மகன் மகனாகவும் இருக்கட்டும்" என்றார். அவரவர் இடத்தில் அடங்கிக் கிட என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பட்டியலில் முதலில் நிற்பது அரசன் என்பதைக் கவனியுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் வந்து சொல்கிறான், அரசியின் சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்று. பாண்டியன் விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று, சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்கிறான். ஒரு சோதனை இருந்தது பாருங்கள்: கையில் இருந்தால். கையில் இருந்தது. பார்க்க அரசியின் சிலம்பு போலவே இருந்தது. வெளித்தோற்றம் பொருந்தியது, கோவலன் செத்தான். உள்ளே என்ன பரல் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணகி வந்துதான் கேட்டாள். அரசியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது.

தெறித்த பிறகு அரசன் பொற்கொல்லன்மேல் பழி போடவில்லை. "யானோ அரசன், யானே கள்வன்" என்றான். பெயருக்கும் நடத்தைக்கும் இடையே விழுந்த பிளவை அவனே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். ஜெங்மிங்கை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

இன்று பொற்கொல்லன் இடத்தில் மென்பொருள் இருக்கிறது. அது பொருத்தம் பார்த்துச் சொல்கிறது. அதன் சொல்லைக் கேட்டு முத்திரை குத்துகிறவர் மேலாளர், அதிகாரி, மருத்துவர். தப்பு நடந்தால் "சிஸ்டம் சொன்னது" என்கிறார்கள். கன்பூசிய வழியில் அந்தப் பதிலுக்கு இடமே கிடையாது. மேலாளர் என்ற பெயர் இருக்கும் வரை விசாரிப்பதும் பதில் சொல்வதும் அவர் கடமை. அதைச் செய்யாதவர் பாண்டியன் சொன்ன இடத்தில்தான் நிற்கிறார்.

லூன்யூவில் இன்னொரு வரி: மேன்மகன் பாத்திரம் அல்ல. ஒரு வேலைக்கு மட்டும் பயன்படும் கருவியாக மனிதன் ஆகிவிடக் கூடாது என்கிறார். இயந்திரம் பாத்திரம்தான், அதில் தப்பில்லை. திரையில் வந்ததை அப்படியே ஒப்பிக்க மட்டுமே அனுமதிக்கப்பட்ட அந்தப் பையனைப் பாத்திரமாக்கியது யார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

பெயர் வைப்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. உரையாடும் செயலிக்கு நண்பன், டாக்டர், ஆசிரியர் என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். டாக்டர் என்றால் படித்துப் பதிவு செய்தவர், தப்புக்குத் தண்டனை உண்டு. அந்தச் சுமை எதையும் தூக்காத ஒன்றுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கலாமா? தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் அறிவதே அறிவு என்று ஸிலூவுக்குக் கன்பூசியஸ் சொன்னார். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று ஊகித்துத் தொடுக்கும் மொழி இயந்திரம், தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லிவிடுகிறது.

## கேமராவும் கீழ்ப்படிதலும்

இப்போது அந்த இரண்டு தப்பான எண்ணங்களுக்கு வருவோம்.

கண்காணித்து மார்க் போட்டு, தண்டித்து ஒழுங்குபடுத்துவது கன்பூசியஸின் வழி இல்லை. அது அவருக்கு எதிரணியில் நின்றவர்களின் வழி. சட்டவாதிகள் என்று அவர்களைச் சொல்வார்கள், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹான் ஃபெய் அவர்களில் பெரிய பெயர். பரிசு, தண்டனை என்ற இரண்டு கைப்பிடிகளால் மக்களை நடத்தலாம் என்றார். கன்பூசியஸ் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியிருந்தார்: ஆணையிட்டு நடத்தி, தண்டனையால் ஒழுங்குபடுத்தினால் மக்கள் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், வெட்கம் இருக்காது, நற்பண்பால் நடத்தி லீயால் ஒழுங்குபடுத்தினால் வெட்கமும் இருக்கும், தாங்களே திருந்துவார்கள்.

சீனாவின் சமூக நம்பக மதிப்பீடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2014-இல் அதற்கான திட்ட வரைவு வந்தது உண்மை. ஆனால் நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரே மதிப்பெண் என்று நாம் வாட்ஸ்அப்பில் படிப்பது நடப்பில் இல்லை. இருப்பவை ஊருக்கு ஊர் வேறுபட்ட சோதனைகளும், நீதிமன்றம் சொன்ன கடனைக் கட்டாதவர்கள் போன்றோரின் கறுப்புப் பட்டியல்களும்தான். அவற்றில் விமர்சிக்க நிறைய இருக்கிறது. அந்த விமர்சனத்தை வலுவாகச் செய்ய உதவும் ஆட்களில் கன்பூசியஸும் ஒருவர்.

கீழ்ப்படிதல் விஷயமும் அப்படித்தான். அரசனுக்கு எப்படிப் பணியாற்றுவது என்று ஸிலூ கேட்டபோது, "ஏமாற்றாதே, ஆனால் முகத்துக்கு நேரே எதிர்த்துச் சொல்" என்றார். இப்படி இடித்துரைப்பதற்கு ஜியன் என்று பெயர். நல்ல அமைச்சனின் கடமையாகவே அதை வைத்தார்கள். கன்பூசியஸின் வழியில் பின்னால் வந்த ஆசான் மென்சியஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜோ என்ற கொடுங்கோல் அரசனைக் கொன்றது அரசனைக் கொன்றதாகாதா என்று கேட்டதற்கு, ஜோ என்ற ஒரு ஆளைக் கொன்றதாகக் கேள்விப்பட்டேன், அரசனைக் கொன்றதாகக் கேள்விப்படவில்லை என்றார். பெயர் போன பிறகு அவன் வெறும் ஆள். நமக்குத் திருக்குறளில் இது பழக்கமான குரல்தான்:

இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்
கெடுப்பார் இலானும் கெடும்.

இதைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கிறது? நிறுவனத்துக்குள் "இது தயாராகவில்லை, வெளியே விடாதீர்கள்" என்று சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டும். மறுக்கப்பட்டவர் முறையிட ஒரு வாசல் வேண்டும். அப்புறம் இயந்திரமே ஆமாம் சாமி போடக் கூடாது. இது ஏன் நடக்கிறது என்றால், உரையாடும் இயந்திரத்தைப் பழக்கும்போது அதன் பதில்களை மதிப்பிடும்படி மனிதர்களிடம் சொல்கிறார்கள். நமக்குப் பிடித்ததைச் சொன்னால் நாம் கூடுதல் மதிப்புப் போட்டுவிடுகிறோம். அது முகஸ்துதியைக் கற்றுக்கொள்கிறது. நேர்மையானவர், உண்மையானவர், கேள்வியறிவு உள்ளவர் மூவரும் பயன் தரும் நண்பர்கள். முகஸ்துதி செய்பவர் கேடு தரும் நண்பர் என்று லூன்யூ பிரிக்கிறது.

நல்லிணக்கம் என்ற சொல்லையும் இங்கே தொட்டுவிடலாம். சீனா 2019-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கோட்பாடுகளில் அதுதான் முதலில் வருகிறது. எல்லோரும் ஒரே குரலில் பேசினால் நல்லிணக்கம் என்று நினைப்போர் உண்டு. மேன்மகன் இணங்கிப் போவான், ஒன்றுபோல் ஆகமாட்டான் என்பதுதான் கன்பூசியஸ் சொன்னது. அவர் காலத்துச் ச்சி நாட்டு அமைச்சர் யான் யிங் இதைக் குழம்பை வைத்து விளக்கினார்: புளிப்பும் உப்பும் மீனும் நெருப்பும் சேர்ந்தால் குழம்பு, தண்ணீரில் தண்ணீர் ஊற்றினால் யார் சாப்பிடுவார்? சித்தியிடம் கேட்டால் கதம்பத்தைக் காட்டுவார்.

மொத்தத்தில், கண்காணிப்பு இவர் வழியில்லை, மேலிருப்பவரை இடித்துரைப்பது இவர் வழி. பெயருக்கு ஏற்ற பொறுப்பு மேலிருந்து தொடங்குகிறது.

## ஏட்டில் என்ன இருக்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்து, படிப்படியாக அமலாகிறது. மக்களுக்குச் சமூக மதிப்பெண் போட்டு அதனால் அவர்களை நியாயமின்றி நடத்துவதை அது தடை செய்கிறது. ஒருவருக்குக் கடன் தரலாமா என்று மதிப்பிடும் மென்பொருளை ஆபத்து மிகுந்த வகையில் வைத்து, மனிதர் மேற்பார்வை வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவர் விளக்கம் கேட்கலாம் என்கிறது. சித்தி கேட்ட "ஏன் தம்பி?" அங்கே சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் உரிமை என்ற சொல்லிலிருந்து புறப்பட்டது, கன்பூசியஸிடமிருந்து இல்லை. வந்து சேர்ந்த இடம் பக்கத்தில்தான்.

சீனாவில் 2025 செப்டம்பர் 1 முதல், இயந்திரம் உருவாக்கிய படம், குரல், எழுத்து ஆகியவற்றில் அப்படி உருவானது என்ற அடையாளம் இருக்க வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. பெயரைச் சரிசெய்தல் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அரசு எந்த நோக்கத்தில் கொண்டுவந்திருந்தாலும் எனக்கு அது சரியாகவே படுகிறது. தமிழக அரசும் 2020-இல் பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, தணிக்கை, பொறுப்பு, சமத்துவம் எல்லாம் அதில் வருகின்றன.

நான் இதில் சேர்க்க நினைப்பது லீ. மறுப்பதற்கு முன் ஒருவர் போன் செய்து பேச வேண்டும். காரணம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். அடியில் பதவி மட்டும் போதாது, ஆளின் பெயரும் வேண்டும். தொழுவம் எரிந்தபோது வீடு திரும்பிய கன்பூசியஸ் "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டார், குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை. மென்பொருளில் கோளாறு என்று தெரிந்தால் முதல் கூட்டத்தில் முதல் கேள்வி அதுவாக இருக்க வேண்டும்: யாருக்குக் கடன் போச்சு, யாருக்கு மருந்து போச்சு, அவர்களை இன்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?

## எனக்குள்ள தயக்கம்

கன்பூசியஸ் வழியில் எல்லாம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. உறவை முன்னால் வைத்தால் உறவு இல்லாதவர் பின்னால் போவார். ஆட்டைத் திருடிய அப்பாவைக் காட்டிக்கொடுத்த மகனை ஒருவர் நேர்மையானவன் என்று புகழ்ந்தபோது, எங்கள் ஊரில் அப்பா மகனை மறைப்பார், மகன் அப்பாவை மறைப்பான், நேர்மை அதில் இருக்கிறது என்றார் கன்பூசியஸ். வீட்டுக்குள் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. கடன் தரும் இடத்தில் அது வேண்டியவனுக்கு ஒன்று, வேண்டாதவனுக்கு ஒன்று ஆகிவிடும். மண்டியில் சித்திக்குக் காலையில் கடனுக்குப் பூ தருகிறார்கள், சாயங்காலம் கட்டுகிறார், காகிதம் கிடையாது. அழகான ஏற்பாடு. புதிதாக வரும் ஒரு பெண்ணுக்கு, அதுவும் ஆள் பலம் இல்லாத தெருவிலிருந்து வருபவருக்கு, அந்த வாசல் அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. அங்கே ஆளைப் பார்க்காத ஒரு கணக்கு அவருக்கு நல்லதுகூடச் செய்யலாம்.

அவரவர் இடம் என்ற பேச்சு இந்த ஊரில் என்ன செய்திருக்கிறது என்றும் நமக்குத் தெரியும். 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் போகும் வரை, அவர்கள் உள்ளே வரக் கூடாது என்பதையும் முறை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முறை என்ற சொல்லை நான் நேசிக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இதுவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முறையிடுகிறவருக்கு வாசல் இல்லாத முறை வெறும் பூட்டு.

இன்னொன்று, வெட்கம். கன்பூசியஸின் திட்டமே மனிதனுக்கு வெட்கம் உண்டு என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இயந்திரத்துக்கு வெட்கம் கிடையாது. ஒரு நிறுவனத்துக்கும், நிறுவனமாக, கிடையாது. அதனால் தண்டனைச் சட்டம் தேவைதான். சட்டம் ஒரு பெயரைப் பிடித்து நிறுத்தினால், அந்தப் பெயருக்குரிய மனிதருக்கு வெட்கம் வர வாய்ப்பு உண்டு. அந்த அளவில்தான் கன்பூசியஸை நான் எடுத்துக்கொள்கிறேன்.

## சித்தியின் தாள்

சித்தி விடவில்லை. அந்தப் பையனே ஒரு வாரம் கழித்துக் கிளை அலுவலகத்தின் விலாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நானும் கூடப் போனேன். அங்கிருந்த மேலாளர் அம்மா முதலில் திரையைத்தான் பார்த்தார். அப்புறம் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா, பழைய பாஸ்புக் இருக்கா?" என்றார். சித்தி முந்தானையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். மகளிர் குழுவில் இரண்டு முறை கடன் வாங்கி, இரண்டையும் தவணை தவறாமல் கட்டிய கணக்கு அதில் இருந்தது. சிஸ்டத்தில் அது இல்லை. சித்தியின் பெயர் மீனாட்சி. ஆதாரில் ஆங்கில எழுத்தில் "க்ஷி" என்று முடிகிறது, பாஸ்புக்கில் "ட்சி" என்று முடிகிறது. இயந்திரம் இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டது.

மேலாளர் அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தார். மறுபரிசீலனைக்கு என்று பேனாவால் எழுதி, கீழே தன் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைக் கொடுத்தார். கடன் இன்னும் வரவில்லை. தாள் மரப்பெட்டிக்குள், சில்லறை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அன்று முகூர்த்தம், பூ விலை ஏறும் நாள். புதன்கிழமை போகலாம் என்று சித்தி சொல்லியிருக்கிறார்.